தீர்ப்பின் மறுபாதி

செந்துறைப் பக்கம் ஓர் ஊரில் குறள் வட்டம் ஒன்று நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடுவார்கள். ஓர் அதிகாரம் ஓதுவார்கள், பொருள் பேசுவார்கள், கலைவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓதி முடித்த பிறகு, ஊருக்கு வடக்கே கைவிடப்பட்டுக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் குழியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. குழியைச் சுற்றி வேலி கேட்டு மனுக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். இதற்காக நம் பக்கத்துத் தமிழய்யா ஒருவர் மாத இதழ் ஒன்றில் ஆறு பக்கம் கொதித்துத் தீர்த்திருக்கிறார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவரிடம் யாப்பு கற்றவர்கள் பலர் இருக்கிறார்கள், அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். கட்டுரைக்கு அந்த மரியாதை கிடையாது.

அவர் சொல்வதைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்வி ஓர் ஆராதனையாம். அதைக் கொண்டுபோய்க் குழியிலும் கூலியிலும் இறக்கினால் தீட்டுப்பட்டுவிடுமாம். செயல் அதிகாரிகளுக்கும் கட்சிக்காரர்களுக்கும் உரியது. கற்றவன் கற்றுக்கொண்டே இருந்தால் பண்பாடு தானே பிழைத்துக்கொள்ளும். சாட்சிக்கு அவர் கூட்டி வந்திருப்பவர்கள் யூதர்கள். இரண்டாயிரம் ஆண்டு நாடில்லாமல், படையில்லாமல் அவர்கள் பிழைத்தது தம் வேதமான தோராவை உட்கார்ந்து படித்ததால்தானாம். "கல்வியா, செயலா என்று தல்மூத்திலேயே வழக்கு நடந்தது, கல்வியே பெரிது என்று தீர்ப்பாயிற்று" என்று கொட்டை எழுத்தில் போட்டு, அத்தோடு வழக்கை முடித்துவிட்டார்.

வழக்கு நடந்தது உண்மை. தீர்ப்பும் உண்மை. தமிழய்யா பாதியில் நிறுத்திவிட்டார்.

யூத ஆசான்களின் வாதங்களைத் தொகுத்த நூலான தல்மூத்தில், கித்தூஷின் என்ற பகுதியில் அந்தக் காட்சி வருகிறது. லோத் நகரம், நித்சா என்பவர் வீட்டு மாடி. ரபி தர்போன், ரபி அகிவா என்ற ஆசான்கள் இருக்கிறார்கள், வேறு பெரியவர்களும் இருக்கிறார்கள். கேள்வி எழுகிறது: பெரிது கல்வியா, செயலா? செயல் என்கிறார் தர்போன். கல்வி என்கிறார் அகிவா. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கல்விதான் பெரிது என்கிறார்கள். தமிழய்யா புத்தகத்தை மூடியது இந்த இடத்தில். அதே வாக்கியம் மூச்சு விடாமல் காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது: கல்வி பெரிது, ஏனென்றால் அது செயலுக்கு இட்டுச் செல்கிறது. காரணத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு நீதிமன்ற வளாகத்தில் ஒரு பெயர் உண்டு, இங்கே வேண்டாம். அந்தக் காரணத்தின்படி, செயலுக்கு இட்டுச் செல்லாத கல்விக்குப் 'பெரிது' என்ற பட்டம் இல்லை. தமிழய்யா தமக்குச் சாதகமாகக் கொண்டுவந்த ஆவணம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

அந்த மாடியில் வேறென்ன முடிவாயிற்று என்பதையும் அவர் பார்த்திருக்கலாம். உயிர் போனாலும் எந்தெந்தப் பாவங்களைச் செய்யக் கூடாது என்ற முடிவும் அதே நித்சா வீட்டு மாடியில்தான் எடுக்கப்பட்டது என்று தல்மூத்தின் இன்னொரு பகுதி சொல்கிறது. விக்கிரக வழிபாடு, முறைகெட்ட உறவு, கொலை: இந்த மூன்றுக்கும் வற்புறுத்தினால் உயிரை விடு, செய்யாதே என்றார்கள். மெத்தையில் சாய்ந்துகொண்டு இலக்கிய விசாரம் செய்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

அகிவாவின் கதை இதைவிட உறைக்கும். நாற்பது வயதுவரை எழுத்தறியாத இடையராக இருந்து, அதன் பிறகு படிக்க வந்தவர் என்று மரபு அவரைப் பற்றிச் சொல்கிறது. ரோமப் பேரரசு தோரா கற்பிப்பதைத் தடை செய்த காலத்தில் அவர் பொது இடத்தில் கூட்டம் கூட்டிக் கற்பித்துக்கொண்டிருந்தார். உனக்கு அரசாங்கத்தைப் பற்றிப் பயமே இல்லையா என்று பாப்பூஸ் என்பவர் கேட்டார். அகிவா நிறுத்தவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். கொஞ்ச நாளில் பாப்பூஸும் அதே சிறைக்கு வந்தார், வேறு ஏதோ வெட்டி விஷயத்துக்காக. நீ தோராவுக்காகப் பிடிபட்டாய், பாக்கியவான். நான் ஒன்றுமில்லாததற்குப் பிடிபட்டேன் என்று அவர் புலம்பியதாகத் தல்மூத் சொல்கிறது. கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக நடந்த பார் கோக்பா எழுச்சியை ஒட்டி ரோமர்கள் அகிவாவைக் கொன்றார்கள், இரும்புச் சீப்பால் சதையைக் கிழித்து. 'கல்வியே பெரிது' என்று சொன்னவரின் கல்வி இது. தமிழய்யாவின் கட்டுரையில் இந்த அகிவாவைக் காணோம். அங்கே இருப்பவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வம்புக்குப் போகாமல் ஏடு புரட்டுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் யார் சாயலில் இருக்கிறார் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

அடுத்த கேள்வி: யூதர்கள் உட்கார்ந்து படித்தார்கள், சரி, எதைப் படித்தார்கள்?

தமிழய்யா நினைப்பதுபோல ஆன்மாவின் தூய்மையை மட்டும் அல்ல. தல்மூத்தில் பாபா கம்மா என்று ஒரு பகுதி. பிறருக்கு நேரும் சேதங்களைப் பற்றியது. சேதத்தின் மூல வகைகள் நான்கு என்று தொடங்குகிறது. அதில் முதலாவது மாடு, இரண்டாவது குழி. ஆமாம் ஐயா, குழி. எந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்குக் குறள் வட்டம் கெட்டுவிட்டது என்று தோன்றியதோ, அதே குழி.

இதற்கு வேர் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குழியைத் திறந்தவனோ வெட்டியவனோ அதை மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்காரன் ஈடு கொடுக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு ரபிகள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். குழி எவ்வளவு ஆழம் இருந்தால் சாவுக்குப் பொறுப்பு? பத்துக் கையகலம், அதாவது ஏறத்தாழ மூன்றடி. அதற்குக் குறைந்தால் காயத்துக்கு மட்டும் பொறுப்பு. ஒழுங்காக மூடியிருந்தும் விழுந்தால்? பொறுப்பில்லை. அரைகுறையாக மூடியிருந்தால்? பொறுப்பு உண்டு. குழி இரண்டு பேருக்குப் பொது. முதல் ஆள் அந்த வழியாக வந்தான், மூடாமல் போனான். இரண்டாம் ஆள் வந்தான், அவனும் மூடாமல் போனான். யார் பொறுப்பு? இரண்டாம் ஆள் என்கிறது தல்மூத்தின் மூல நூலான மிஷ்னா. கடைசியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போனவன் தலையில் விழுகிறது.

இப்போது அரியலூருக்கு வாருங்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்த மண் இது; அதனால்தான் சுண்ணாம்புக்கல், அதனால்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். கல் எடுத்து முடிந்த குழிகள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கச் சுவர் செங்குத்தாக, வெளிறிய மஞ்சளில், படிப்படியாக இறங்கும். அடியில் மழைத்தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தேங்கியிருக்கும்; பார்க்க அழகுதான், ஆழம் தெரியாது. விளிம்புவரை ஆட்டுத் தடம் போயிருக்கும். சில இடங்களில் ஊர்க்காரர்களே சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். காற்றுக்கு அது நகர்ந்து கிடக்கும். மூன்றடிக் குழிக்கு ரபிகள் அத்தனை தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நம் குழிக்குள் பனைமரத்தை நட்டால் உச்சி வெளியே தெரியாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதற்கு இங்கே தீட்டு.

திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் உறுதியான வேலி இருக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. கல் எடுத்த பிறகு நிலத்தை என்ன செய்யப் போகிறோம் என்று சுரங்க மூடல் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2003-இல் வந்தது. ஆகவே அந்தக் குறள் வட்டம் புரட்சி எதுவும் கேட்டுவிடவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் கேட்டது. பாபா கம்மா ஓதுகிற பையன் படிப்பதும் இதே விஷயம்தான். அவனுக்குப் பாடம், நமக்கு மனு.

கூலி விஷயத்துக்கும் இதே கதைதான். ரப்பா பார் பார் ஹன்னா என்பவரிடம் வேலை செய்த சுமைதூக்கிகள் அவருடைய திராட்சரசச் சாடியை உடைத்துவிட்டார்கள். அவர் ஈடாக அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஆட்கள் ராவ் என்ற பெரிய ஆசானிடம் போய் முறையிட்டார்கள். ஆடையைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். சட்டம் அப்படியா சொல்கிறது என்று கேட்டார் முதலாளி. ஆமாம் என்றார். ஆட்கள் விடவில்லை: நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை. கூலியையும் கொடு என்றார் ராவ். இதுவும் சட்டமா என்றார் முதலாளி. இதுவும்தான் என்றார். உடைந்த சாடி, பசித்த வயிறு, சாயங்காலக் கூலி. இதுதான் தோராக் கல்வி.

இன்னொன்று. ரபான் கமலியேல் என்ற தலைவர், தாம் அவமானப்படுத்திய ரபி யெகோசுவாவைச் சமாதானம் செய்ய அவர் வீட்டுக்குப் போகிறார். உள்ளே போனால் சுவரெல்லாம் கரி. ஓ, நீர் கரி வேலை செய்கிறவரா, சுவரைப் பார்த்தாலே தெரிகிறதே என்கிறார். யெகோசுவா சொன்ன பதிலின் சாரம்: உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ! படிக்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுகூட உமக்குத் தெரியவில்லையே. இந்தக் கதையைத் தமிழய்யா ஒரு முறைக்கு இரண்டு முறை படிப்பது நல்லது. குறள் வட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காலையில் பருத்திக்காட்டிலும் சின்ன வெங்காயக் காட்டிலும் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் விரலிடுக்கில் இருக்கும் மண் தெருப் புழுதி என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

கற்றவன் எந்த ஊரில் குடியிருக்கலாம் என்பதற்கும் தல்மூத்தில் ஒரு பட்டியல் உண்டு. நீதிமன்றம், ஏழைகளுக்கான நிதி, ஜெபக்கூடம், குளிக்க இடம், கழிப்பிடம், மருத்துவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் என்று பத்து வசதிகள் இல்லாத ஊரில் அறிஞன் குடியிருக்கக் கூடாதாம். கழிப்பிடமும் மருத்துவரும் அறிஞனின் தகுதி விஷயம் என்று எழுதி வைத்த மரபைக் கொண்டுவந்து, ஊர் விஷயத்தில் தலையிடாதே என்று நம்மிடம் நீட்டுகிறார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் இரண்டு மாவட்டத்தில் எத்தனை ஊரில் அறிஞர் குடியிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தக் கணக்கைப் பொதுவில் போடாமல் இருப்பதே ஊருக்கு மரியாதை.

இஸ்ரேலில் தோரா படிக்கிறவனை இன்றும் படைக்கு அழைப்பதில்லை, அவ்வளவு மதிப்பு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 1948-இல் அந்நாட்டின் முதல் பிரதமர் பென் குரியன் ஏறத்தாழ 400 மாணவர்களுக்குக் கொடுத்த சலுகை அது. எண்ணிக்கை பல்லாயிரமாகப் பெருகி, ஊரே இரண்டுபட்டு, கடைசியில் 2024 ஜூன் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். தமிழய்யா வாங்குகிற செய்தித்தாளில் அந்தப் பக்கம் வரவில்லை போலும்.

மைமோனிடிஸைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தேன், எழுதவில்லை. எழுதினால் கட்டுரை உடைந்துவிடும். யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்தவர் அவர், 1204-இல் இறந்தார். படிப்பை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை எது என்று அவரே விதி எழுதியிருக்கிறார்: ஒரு நற்செயல் எதிர்ப்படுகிறது, உன்னைத் தவிர அதைச் செய்ய ஆளில்லை என்றால், படிப்பை நிறுத்து, அதைச் செய், பிறகு வந்து படி. உழைக்காமல் தோராவைக் காட்டித் தர்மத்தில் பிழைக்கிறவன் கடவுளின் பெயரைக் கெடுக்கிறான் என்றும் எழுதினார். தாம் வைத்தியம் செய்தே பிழைத்தார். தினமும் கெய்ரோவுக்குப் போய் அரண்மனையில் வைத்தியம் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் பசியோடு வீடு திரும்பினால், முன்கூடம் நிறைய நோயாளிகள் காத்திருப்பார்கள், களைப்பில் படுத்துக்கொண்டே மருந்து சொல்கிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

தூரத்து உதாரணம் எதற்கு? பக்கத்தில் கொச்சி இருக்கிறதே. மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போகாத பள்ளிக்கூடம் உண்டா? அங்குள்ள யூதர்களின் பரதேசி ஜெபக்கூடத்தைக் கட்டியது 1568-இல். சீனத்து ஓடு பதித்த தரை, கண்ணாடி விளக்குகள் எல்லாவற்றையும் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அந்தத் தரைக்கு ஒரு வரலாறு உண்டு. அடிமை வம்சத்திலிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி என்று ஒதுக்கப்பட்ட யூதர்கள் ஒரு காலத்தில் அங்கே மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது. முன்கூடத்தில்தான் இடம். தோராச் சுருளை வாசிக்க அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். அதே கடவுள், அதே தோரா, அதே எபிரேயம். ஆனால் வாய் திறந்து வாசிக்க உரிமை இல்லை. நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை; கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் ஊர்கள்தானே நம் ஊர்களும்.

அந்தக் குடும்பங்களில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். கல்லூரி ஏறினார், சென்னையில் சட்டம் படித்தார், வழக்கறிஞரானார். எபிரேயமும் தெரியும், சட்டமும் தெரியும். தமிழய்யாவின் அறிவுரைப்படி அவர் முன்கூடத்தில் உட்கார்ந்து மனத்துக்குள் ஓதிக்கொண்டிருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. காந்தியிடம் கற்ற சத்தியாக்கிரகத்தை ஜெபக்கூடத்துக்குள் கொண்டுபோனார். புறக்கணித்தார், உட்கார்ந்தார், வாதாடினார், ஆண்டுக்கணக்கில் விடாமல் நச்சரித்தார். கொச்சி சட்டசபையிலும் இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு வந்தது இப்படித்தான். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அந்தச் சந்ததியினர் தோரா வாசிக்க அழைக்கப்பட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தோரா வாசிப்பதற்கே ஒருவர் போராட வேண்டியிருந்தது. கல்விக்குப் பிறகு செயல் வருகிறது என்றுகூட இல்லை; செயல் இல்லாமல் அவருக்குக் கல்வியே கிடைத்திருக்காது. கற்றலும் செயலும் வேறு வேறு அறைகள் என்று சொல்லக் கூடியவர்கள் யார்? உள்ளே போகத் தடையே இல்லாத வீட்டில் பிறந்தவர்கள்தான். நம் பாட்டன் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வெளியே நின்று எழுத்துக் கேட்டவனுக்கு அந்தப் பிரிவினை புரியாது.

அடுத்து ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் கொள்ளிடக் கரையில் உலகத்தை மறந்து தமிழில் மூழ்கியிருந்தார் என்று தமிழய்யா உருகுகிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா வந்த பெஸ்கிதான் வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பினார், வேதியர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார், அவர்கள் ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். பாடப் புத்தகத்துக்கே நடத்தை பற்றித் தலைப்பு வைத்தவர் உலகத்தை எங்கே மறந்தார்? 1732-இல் சதுரகராதி செய்தார். சொல்லைத் தேடுகிறவனுக்கு உதவும் கருவி அது. குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு வைத்து, சுவடியைப் பார்த்துத் தடுமாறுகிறவர்களுக்குத் தீர்வு கொடுத்தார். தமிழய்யாவின் ஆறு பக்கமும் அந்தச் செயலை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறது.

நம் மண்ணின் கல்லைப் பற்றிய ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை. பயன் கருதாத தூய அறிவுக்கு அரியலூர்ப் புதைபடிவங்கள் சான்று என்கிறார். கல்லமேடு தெரியுமா ஐயா? அங்கே கிடைத்த ராட்சத டைனோசரின் எலும்புகளை 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று பேசினார்கள். இன்று அந்த எலும்பு எங்கே? எங்கும் இல்லை. மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போய்விட்டது. வரைபடமும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அதனால் அது எத்தனை பெரியது, உண்மையில் என்ன விலங்கு என்று இன்றுவரை சண்டை தீரவில்லை. ஆராய்ந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தம் வேலையைச் செய்தார்கள். பாதுகாக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. பொருளைக் காக்கும் செயல் இல்லாவிட்டால் அதைப் பற்றிய அறிவும் கையை விட்டுப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எலும்பு கிடைக்காது.

கடைசியாகக் குறள். யூத மரபு அவருக்கு அந்நியம், பாதியில் நிறுத்தியதை மன்னிக்கலாம். குறள் அவர் சொந்த வீடு. 391-ஆம் குறளின் முதல் அடியைக் கட்டுரைக்கு முகப்பாகப் போட்டிருக்கிறார். குற்றமறக் கற்கச் சொல்கிற அடி. இரண்டாம் அடியைப் போடவில்லை! கற்றபடி நடக்கச் சொல்வது அந்த அடிதான். நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியவருக்கு அது மறந்துபோயிருக்காது. லோதின் தீர்ப்பில் செய்த அதே வேலையை வள்ளுவரிடமும் செய்திருக்கிறார். கல்வி அதிகாரம் போதாதென்றால் பேதைமை அதிகாரத்துக்கு வரட்டும். ஓதியும் உணர்ந்தும் ஊருக்குச் சொல்லியும், தான் அதன்படி நில்லாதவனைப் பற்றி 834-ஆம் குறள் என்ன சொல்கிறது என்பதை நான் எழுதினால் தனிமனிதத் தாக்குதல் என்பார்கள். அவரே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் நானும் அவரைப்போலவே பாதி வாசித்தவனாவேன். படிக்காமல் செயலில் இறங்குவது வீண்கூச்சல். அகிவா தர்போனிடம் சொல்ல வந்தது அதுதான். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் நின்று பார்த்தால் தெரியும். புல எண் இல்லாத மனு, துறை மாறிப் போன மனு, விதி எது என்று தெரியாமல் ஆவேசத்தை மட்டும் எழுதிய மனு. எல்லாவற்றுக்கும் 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரே பதில் வருகிறது. மூன்று முறை அந்தப் பதிலை வாங்கினவர் நான்காம் முறை வருவதில்லை. இந்த மாதிரிச் செயலை நானும் பெரிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மருந்து, குறள் வட்டத்தில் மனுவைப் பேசாதே என்பதா? மனுவையும் குறளைப் படிக்கிற அதே கவனத்தோடு, சொல் சொல்லாக, உரையோடு படி என்பதல்லவா! பரிமேலழகரைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்த மூளைக்குச் சுரங்க மூடல் திட்டத்தின் அட்டவணை விளங்காமலா போகும்? இந்த வேலைக்கு நம் பக்கத்தில் தமிழய்யாவைவிடத் தகுதியானவர் கிடையாது. அவரோ ஆறு பக்கத்தை இப்படிச் செலவழித்திருக்கிறார்.

அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்கிற வாதத்துக்கு நீளமான பதில் வேண்டாம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியாக வந்தது. குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் என்று எதற்குச் செலவழிக்கலாம் என்பதும் விதியில் இருக்கிறது. கிராம சபையில் எழுந்து இதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்காத பணம் யாரால், எப்படிப் பார்த்துக்கொள்ளப்படும் என்பது நாடறிந்த விஷயம்.

தமிழய்யாவுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த இதழில் கித்தூஷின் தீர்ப்பை முழு வாக்கியமாக அச்சிடுங்கள். 391-ஆம் குறளையும் இரண்டு அடியாகவே அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இரண்டு மாவட்டத்திலும் குறள் வட்டம் நடத்துகிறவர்களுக்கு: 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊர்ச் சுரங்கத்தின் மூடல் திட்டத்தையும் கனிம அறக்கட்டளை செலவுக் கணக்கையும் கேட்டு எழுதுங்கள். வந்ததும் ஓர் அதிகாரம் ஓதிவிட்டு, அதையும் வரி வரியாக வாசியுங்கள். புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்கு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.